நிறுவன நலவாழ்வுச் சேவைகள்: எதற்காக வாங்கலாம், எதற்காக வாங்கக் கூடாது

பணியாளர்களின் நலவாழ்வை மேம்படுத்தி, அதன் வழியாக நாட்பட்ட நோய்களையும் மருத்துவச் செலவையும் குறைத்துத் தருவதாகச் சொல்லி நிறுவனங்களுக்கும் காப்பீட்டாளர்களுக்கும் விற்கப்படும் சேவைகள் இன்று பெருகிவிட்டன. பெயர்கள் வேறுபட்டாலும் உள்ளடக்கம் ஏறத்தாழ ஒன்றுதான்: உடல்நல வினாத்தாள், ஆண்டுக்கொருமுறை நடக்கும் அளவீட்டுப் பரிசோதனை, ஒரு கைப்பேசிச் செயலி, தொலைபேசியில் பேசும் நலப் பயிற்றுநர், பங்கேற்பவருக்கு ஊக்கத்தொகை, ஆண்டின் முடிவில் நிர்வாகத்தின் மேசைக்கு வரும் சேமிப்பு அறிக்கை. நான் பணிபுரியும் இடத்தில் வாங்கப்பட்ட அத்தகைய ஒரு சேவையைப் பயனராகவும், அதன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கலாமா என்று ஆராய்ந்த குழுவின் உறுப்பினராகவும் இருந்து பார்த்ததைக் கொண்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். இதில் சொல்லப்படும் நிறைகுறைகள் பெரும்பாலும் இந்த வகைச் சேவைகள் அனைத்துக்கும் பொருந்துபவை என்பதால், குறிப்பிட்ட சேவையின் பெயர் இங்கே தேவைப்படவில்லை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே நோயுற்றவர்களுக்கும் நோயின் விளிம்பில் நிற்பவர்களுக்கும் இச்சேவை தரும் தனிக்கவனத்துக்காக இதை வாங்கலாம். எல்லோருடைய பழக்கங்களையும் மாற்றி ஓரிரு ஆண்டுகளில் காப்பீட்டுச் செலவைக் குறைத்துவிடும் என்ற வாக்குறுதியை நம்பி வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும்.

வாக்குறுதி ஏன் இவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறது என்பது விளங்காமல் இல்லை. உலக சுகாதார அமைப்பின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் தொற்றா நோய்களால் குறைந்தது 4.3 கோடிப் பேர் இறந்தார்கள்; அவர்களில் 1.8 கோடிப் பேர் 70 வயதை எட்டாதவர்கள். இதய நோய், புற்றுநோய், நாட்பட்ட சுவாச நோய், நீரிழிவு ஆகிய நான்கும் அந்த இறப்புகளில் மிகப் பெரும் பகுதிக்குக் காரணம். புகையிலை, மது, உடலுழைப்புக் குறைவு, பொருந்தா உணவு, மாசுபட்ட காற்று என்று இவற்றின் பின்னணிக் காரணங்களும் தெரிந்தவையே. ஆகவே பழக்கம் மாறினால் நோய் குறையும், நோய் குறைந்தால் செலவு குறையும் என்று விற்பனையாளர் சொல்லும்போது யாரும் தலையசைக்கத்தான் செய்வார்கள். ஆனால் இந்தச் சங்கிலியில் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. சேவை பழக்கத்தை மாற்றுகிறதா, மாறிய பழக்கம் நோயைத் தடுக்கிறதா, தடுக்கப்பட்ட நோய் பணத்தை மிச்சப்படுத்துகிறதா என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். நடுக்கண்ணி மட்டுமே உறுதியானது. மற்ற இரண்டும் விளம்பரத்தில் தெரிகிற அளவுக்கு வலுவானவை அல்ல.

வினாத்தாளிலிருந்து தொடங்குவோம். எடை, உறக்கம், புகைப்பழக்கம் என்பவற்றோடு நிற்காமல், செய்யும் வேலையில் நிறைவு இருக்கிறதா, நெருக்கடியில் தோள்கொடுக்க ஆள் இருக்கிறதா, பணக்கவலை உறக்கத்தைக் கெடுக்கிறதா, வாழும் இடம் பிடித்திருக்கிறதா என்றும் அது கேட்கிறது. நலவாழ்வை நோக்கம், உறவு, பொருளாதாரம், சமூகம், உடல் என ஐந்து கூறுகளாகப் பார்க்கும் இந்த அணுகுமுறை, அமெரிக்காவில் 2008இல் கேலப் நிறுவனமும் ஹெல்த்வேஸ் நிறுவனமும் சேர்ந்து தொடங்கிய நலவாழ்வுக் குறியீட்டோடு பரவலானது. நலம் என்பது நோயின்மை மட்டுமன்று, உடலும் உள்ளமும் சமூக வாழ்வும் நிறைவாக இருக்கும் நிலை என்று உலக சுகாதார அமைப்பு 1948இலேயே தன் சாசனத்தில் வரையறுத்திருப்பதால், இக்கேள்விகள் சரியான இடத்தையே தொடுகின்றன என்று சொல்ல வேண்டும்.

கேள்விகளில் இருக்கும் விரிவு, கிடைக்கும் பதில்களில் இல்லை. பணக்கவலை இருப்பதாகக் குறிப்பிட்டவருக்குச் சேமிப்பின் பயன்கள் பற்றி ஒரு கட்டுரை வந்தது. சுழற்சிமுறைப் பணியால் உறக்கம் கெடுகிறது என்று எழுதியவருக்கு, படுக்கைக்குப் போகும்முன் கைப்பேசியைத் தள்ளி வைக்குமாறு அறிவுரை வந்தது. பணிநேரத்தை மாற்றும் அதிகாரம் சேவை நடத்துபவருக்கு இல்லை; அந்த அதிகாரம் உள்ள நிர்வாகமோ, கேள்வி கேட்டதோடு தன் கடமை முடிந்ததாக எண்ணிக்கொள்கிறது. மாற்ற முடியாத ஒன்றைப் பற்றி ஆண்டுதோறும் ஒருவரைக் கேட்டுக்கொண்டிருப்பது, கேட்காமல் விடுவதைவிட எந்த வகையில் மேலானது என்று எனக்குத் தெரியவில்லை.

அளவீட்டுப் பரிசோதனை இதைவிடப் பயனுள்ளது. இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றைப் பணியிடத்திலேயே பார்த்துவிடுகிறார்கள். உலகில் உயர் இரத்த அழுத்தம் உள்ள வயதுவந்தோரில் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள் என்ற மதிப்பீட்டை நினைத்தால், ஒரு கைப்பட்டை அழுத்தமானி செய்யும் உதவி சிறிதன்று. ஒரே ஒருமுறை எடுத்த அளவை வைத்து நோய் என்று முடிவுகட்டாமல், வேறொரு நாளில் மீண்டும் அளந்து உறுதிசெய்யும்படி இங்கே சொன்னார்கள். அது சரியான நடைமுறை. குறை அதற்கடுத்த படியில் இருக்கிறது. அளவு கூடுதலாக இருப்பவரை மருத்துவரிடம் கொண்டு சேர்க்கும் பொறுப்பு யாருடையது என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இல்லாததால், பலர் கையில் ஒரு தாளோடு நின்றுவிட்டார்கள். கண்டறிதல் மட்டுமே போதும் என்றால் ஜப்பானில் எப்போதோ பலன் தெரிந்திருக்க வேண்டும். அங்கே 2008 முதல் 40 வயதிலிருந்து 74 வயது வரையுள்ளோருக்கு இடுப்புச் சுற்றளவு உட்பட ஆண்டுப் பரிசோதனை நாடு தழுவிய திட்டமாக நடக்கிறது. ஆண்களுக்கு 85 சென்டிமீட்டர், பெண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்ற எல்லைக்கோட்டை ஒட்டி இருபுறமும் இருந்த ஆண்களை ஒப்பிட்டு 2020இல் வெளியான ஆய்வில், கோட்டைத் தாண்டியதால் ஆலோசனைக்கு அனுப்பப்பட்டவர்களிடம் எடை மிகச் சிறிதளவே குறைந்திருந்தது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றில் சொல்லத்தக்க முன்னேற்றம் இல்லை.

செயலியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நடந்த அடிகளை எண்ணுகிறது, நினைவூட்டுகிறது, குழுப்போட்டி நடத்துகிறது. முதற்சில வாரங்களின் உற்சாகம் பிறகு ஏற்கெனவே நடப்பவர்களிடம் மட்டுமே தங்குகிறது. நாளுக்குப் பத்தாயிரம் அடிகள் என்ற இலக்கை அது எல்லோருக்கும் ஒரேமாதிரி வைத்திருப்பதுதான் உறுத்துகிறது. அந்த எண் மருத்துவ ஆய்விலிருந்து பிறந்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயரிலிருந்து பரவியது. வயது முதிர்ந்த பெண்களிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வொன்றில், நாளுக்கு ஏறத்தாழ 4,400 அடிகள் நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிகளுக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. இரண்டாயிரம் அடிகள்கூட நடக்காத ஒருவருக்கு நாலாயிரம் என்ற இலக்கு எட்டக்கூடியது. பத்தாயிரம் என்பது செயலியை நீக்கிவிடத் தூண்டுவது.

சேவையின் உண்மையான மதிப்பு பயிற்றுநரிடம் இருக்கிறது. நீரிழிவின் விளிம்பில் இருப்பவர்களுக்கு ஒரே பயிற்றுநரைத் தொடர்ந்து ஒதுக்கி, சிறு இலக்குகளை வைத்து, எடையையும் உடலுழைப்பையும் வாரந்தோறும் பேசிப் பதிந்துகொள்ளும் பகுதி ஒன்று இதில் உண்டு. அதில் சேர்ந்தவர்கள் தொடர்ந்தார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். இங்கேதான் முன்பு சொன்ன நடுக்கண்ணியின் உறுதி தெரிகிறது. அமெரிக்காவில் 3,234 பேரைக் கொண்டு நடந்து 2002இல் முடிவுகள் வெளியான நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பு என்ற இரண்டே இலக்குகளோடு தனிப்பயிற்சி பெற்றவர்களிடம் நீரிழிவு தோன்றுவது 58 சதவீதம் குறைந்தது; மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை பெற்றவர்களிடம் 31 சதவீதம் குறைந்தது. சீனாவின் டாச்சிங் நகரில் 1986இல் 577 பேரோடு தொடங்கி ஆறாண்டுகள் நடத்தப்பட்ட வாழ்முறைப் பயிற்சியைப் பெற்றவர்களை முப்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, நீரிழிவு வருவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளிப்போயிருந்தது. இதய, இரத்தக்குழாய் நோய்களால் நேரும் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சராசரி ஆயுள் 1.44 ஆண்டுகள் கூடியிருந்தது. இந்தியாவில் 531 பேரிடம் நடத்தி 2006இல் வெளியான ஆய்விலும் வாழ்முறை மாற்றம் நீரிழிவு அபாயத்தை 28.5 சதவீதம் குறைத்தது. மூன்று நாடுகள், மூன்று வகை உணவு, மூன்று வகை உடல்வாகு. முடிவு ஒரே திசையில் இருக்கிறது.

ஆனால் இவை எவற்றையும் மலிவாகச் செய்ய முடியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க ஆய்வில் முதல் ஆறு மாதங்களுக்குள்ளாகவே ஒவ்வொருவருக்கும் நேரில் பதினாறு பாடங்கள் நடந்தன. அந்த அழுத்தத்தைத் தொலைபேசி அழைப்புகளாகக் கரைத்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு. அமெரிக்க முதியோர் காப்பீடான மெடிகேர் 2005இல் எட்டு தனியார் நிறுவனங்களைக் கொண்டு, நீரிழிவோ இதயச் செயலிழப்போ உள்ளவர்களைத் தொலைபேசி வழியே கண்காணிக்கும் திட்டத்தைச் சோதித்துப் பார்த்தது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெற்ற அந்தச் சோதனையில் மருத்துவமனைச் சேர்க்கையும் செலவும் குறையவில்லை. அந்நிறுவனங்களுக்குக் கொடுத்த கட்டணத்தைக்கூட மீட்க முடியவில்லை. ஆகவே பயிற்றுநர் உண்டா என்று கேட்பது போதாது. ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், எத்தனை முறை, நேரிலா குரலிலா, பயிற்றுநர் மாறிக்கொண்டே இருப்பாரா, நோயாளியின் மருத்துவரோடு அவருக்குத் தொடர்பு உண்டா என்பனவற்றை எழுத்தில் வாங்க வேண்டும். நாங்கள் வாங்கிய சேவையில் மருத்துவரோடு தொடர்பு இல்லை. மருந்தின் அளவு மாற வேண்டிய நிலையில் இருந்தவருக்கும் காய்கறி சாப்பிடச் சொல்லும் அறிவுரையே கிடைத்தது.

இனி, ஆண்டிறுதிச் சேமிப்பு அறிக்கை. நல்ல தாளில், வண்ணப் படங்களோடு, எந்த நிர்வாகியும் மகிழும்படி அமைந்திருந்தது. இரண்டு கூற்றுகள் அதில் பிரதானமானவை. முந்தைய ஆண்டில் மிக அதிகச் செலவு வைத்தவர்களின் செலவு இந்த ஆண்டில் பெருமளவு குறைந்திருக்கிறது என்பது ஒன்று. திட்டத்தில் பங்கேற்றவர்களின் செலவு பங்கேற்காதவர்களின் செலவைவிடக் குறைவு என்பது மற்றொன்று. இரண்டும் உண்மையான எண்கள். இரண்டுமே சேவையால் விளைந்தவை என்று காட்டும் சான்று மட்டும் அறிக்கையில் எங்கும் இல்லை.

முதற்கூற்றை எடுத்துக்கொள்வோம். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில் எந்தக் கஷாயத்தைக் குடித்தாலும் அடுத்த நாள் அதற்கே பெயர் கிடைக்கும். ஒருவர் தம் செலவின் உச்சத்தில் இருக்கும் ஆண்டில் அவரைத் தேர்ந்தெடுத்தால், அறுவை சிகிச்சை முடிந்தவர் வீடு திரும்பியிருப்பார், விபத்தில் அடிபட்டவர் தேறியிருப்பார். யாரும் எதுவும் செய்யாமலே அடுத்த ஆண்டின் செலவு சராசரியை நோக்கி இறங்கும். இது வெறும் தர்க்கம் அன்று என்பதை அமெரிக்காவின் கேம்டன் நகர அனுபவம் காட்டியது. அடிக்கடி மருத்துவமனையில் சேரும் நோயாளிகளைத் தேடிப் பிடித்துச் செவிலியரும் சமூகப் பணியாளரும் உடனிருந்து கவனிக்கும் அங்குள்ள திட்டம் நாடெங்கும் புகழ்பெற்றிருந்தது. அதை 800 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்துச் சோதித்த ஆய்வு 2020இல் வெளியானது. கவனிப்புப் பெற்றவர்களின் மருத்துவமனைச் சேர்க்கை 38 சதவீதம் குறைந்திருந்தது. கவனிப்புப் பெறாத குழுவிலும் ஏறத்தாழ அதே அளவு குறைந்திருந்தது. 180 நாட்களுக்குள் மீண்டும் சேர்க்கப்பட்டவர்களின் விகிதம் ஒரு குழுவில் 62.3 சதவீதம், மற்றதில் 61.7 சதவீதம். இரண்டாவது குழு என்ற ஒன்று இல்லாதிருந்தால், அந்த 38 சதவீதம் இன்றும் எல்லா விளம்பரத் தாள்களிலும் இடம்பெற்றிருக்கும்.

இரண்டாம் கூற்றுக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016இல் தொடங்கிய ஆய்வு விடை சொல்கிறது. ஏறத்தாழ 4,800 பணியாளர்களைக் குலுக்கலில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் பரிசோதனையும் ஊக்கத்தொகையும் வகுப்புகளும் கொண்ட நலவாழ்வுத் திட்டத்தைத் தந்தார்கள். திட்டம் யாருக்குத் தரப்பட்டதோ அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் மருத்துவச் செலவிலோ நடத்தையிலோ பணித்திறனிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் அதே தரவில், பங்கேற்றவர்களைப் பங்கேற்காதவர்களோடு ஒப்பிட்டால், முன்பு வெளியான ஆய்வுகள் சொன்னதைப் போலவே சேமிப்பு இருப்பதாகத் தோன்றியது. காரணம் எளிது: முன்வந்து சேர்ந்தவர்கள் திட்டம் தொடங்குவதற்கு முன்பே உடல்நலம் மிக்கவர்கள், செலவு குறைந்தவர்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்களே உடற்பயிற்சி வகுப்பிலும் சேர்ந்தார்கள். எங்கள் அறிக்கையின் வண்ணப் படங்களும் இந்த வேறுபாட்டைத்தான் சேவையின் வெற்றியாக வரைந்து காட்டின.

இத்துறையில் எனக்கு மதிப்புக் கூடியது ஓர் ஆய்வாளரிடம். கேத்தரின் பெய்க்கரும் சக ஆய்வாளர்களும் 2010இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, நலவாழ்வுத் திட்டத்தில் செலவிடும் ஒவ்வொரு டாலருக்கும் மருத்துவச் செலவில் ஏறத்தாழ 3.27 டாலரும், விடுப்பு இழப்பில் 2.73 டாலரும் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார்கள். இன்றுவரை விற்பனையாளர்கள் விரும்பி எடுத்துக்காட்டும் எண் அது. அதே பெய்க்கர், சிருய் சாங் என்பவரோடு சேர்ந்து, பிஜேஸ் என்ற மொத்த விற்பனை அங்காடி நிறுவனத்தின் 160 கிளைகளில் 20 கிளைகளைக் குலுக்கலில் தேர்ந்து, ஏறத்தாழ 33,000 பணியாளர்களிடம் தாமே சோதித்துப் பார்த்தார். 2019இல் வெளியான முடிவு: பதினெட்டு மாதங்களில், முறையாக உடற்பயிற்சி செய்வதாகவும் எடையைக் கவனிப்பதாகவும் சொன்னவர்களின் விகிதம் கூடியது, இரத்த அழுத்தம், கொழுப்பு, உடற்பருமன், மருத்துவச் செலவு, விடுப்பு எதிலும் தெளிவான மாற்றம் இல்லை. மூன்றாண்டு முடிவுகளும் அதையே சொல்லின. விற்பனைக்கு வருபவர் 3.27 என்ற எண்ணைக் காட்டினால், 2019இல் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். உரையாடல் வேறு திசைக்குத் திரும்பும்.

எல்லாத் திட்டங்களும் வீண் என்று இதிலிருந்து முடிவுகட்டுவதும் தவறு. ராண்ட் ஆய்வு நிறுவனத்தார் பெப்சிகோ நிறுவனத்தின் திட்டத்தை ஏழாண்டுத் தரவுகளோடு ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கணக்கில், ஏற்கெனவே நாட்பட்ட நோய் உள்ளவர்களைக் கவனிக்கும் பகுதி டாலருக்கு 3.80 டாலர் திருப்பித் தந்தது. ஆரோக்கியமாக இருப்பவர்களின் வாழ்முறையை மாற்ற முயன்ற பகுதி டாலருக்கு 50 சென்ட் மட்டுமே தந்தது. இது குலுக்கல் முறை ஆய்வன்று, ஆகவே 3.80 என்பதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரே நிறுவனத்தில், ஒரே முறையில் அளந்தபோது இரு பகுதிகளுக்கும் இடையே தெரிந்த இடைவெளி, எங்கள் இடத்தில் நான் பார்த்ததோடும் ஒத்துப்போகிறது. எங்கள் ஒப்பந்தத்திலோ பணத்தின் பெரும்பகுதி செயலிக்கும் எல்லோருக்குமான போட்டிகளுக்கும் போய், நோயாளிகளுக்கான பயிற்றுநர் பகுதிக்கு மீதமே ஒதுக்கப்பட்டிருந்தது.

மூன்றாவது கண்ணியைப் பற்றியும் நேர்மையாகப் பேச வேண்டும். நோயைத் தடுப்பது நல்லது என்பதால் அது பணத்தையும் மிச்சப்படுத்தும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தடுப்பு நடவடிக்கைகளின் பொருளாதாரக் கணக்குகளைத் தொகுத்து 2008இல் வெளியான பகுப்பாய்வில், செலவைவிடச் சேமிப்பு அதிகமாக இருந்தவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஒருவருக்கு வரவிருக்கும் நோயைத் தடுக்க, வராமலே போகவிருந்த பலருக்கும் சேர்த்துச் செலவிட வேண்டியிருப்பதே அதற்கு முதற்காரணம். நெதர்லாந்தில் அதே ஆண்டில் வெளியான மாதிரிக் கணக்கில், 20 வயதிலிருந்து வாழ்நாள் முழுவதற்குமான மருத்துவச் செலவு ஆரோக்கியமானவர்களுக்கு ஏறத்தாழ 2,81,000 யூரோ, பருமனானவர்களுக்கு 2,50,000 யூரோ, புகைபிடிப்பவர்களுக்கு 2,20,000 யூரோ. ஆரோக்கியமானவர்கள் நெடுநாள் வாழ்ந்து, முதுமையின் நோய்களுக்கும் செலவிடுகிறார்கள். நீண்டு வாழ்வதை நட்டம் என்று எழுதும் கணக்குப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நலவாழ்வை அளக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதை நிர்வாகிகள் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். தவிர, டாச்சிங் ஆய்வில் இறப்பு விகிதம் குறைந்தது தெரியவர இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆயின. பணியாளர்கள் சில ஆண்டுகளில் வேறிடம் போய்விடும் நிறுவனத்தில், இன்று தடுத்த மாரடைப்பின் சேமிப்பு வேறு யாரோ ஒருவருடைய கணக்கில்தான் சேரும்.

ஊக்கத்தொகை பற்றிச் சுருக்கமாக. வினாத்தாளை நிரப்புவதற்கும் பரிசோதனைக்கு வருவதற்கும் தருவதில் எனக்கு மறுப்பில்லை. அது வருகையைக் கூட்டுகிறது. எடையோ சர்க்கரையோ இலக்கை எட்டினால்தான் சலுகை என்று வைப்பது வேறு விஷயம். பரம்பரையாக வந்த நோயோடும், இரண்டு வேலைகளோடும், வீட்டில் கவனிக்க வேண்டிய முதியவரோடும் இருப்பவரே அந்த இலக்கை எட்டாதவராக இருப்பார். அவர் இழக்கும் சலுகைதான் மற்றவருக்கு வெகுமதியாகிறது. தனியுரிமையிலும் எங்கள் சேவை தேர்ச்சி பெறவில்லை. தனிநபர் விவரங்கள் நிர்வாகத்துக்குப் போகா என்று உறுதி கூறப்பட்டது உண்மை. ஆனால் அறிக்கை துறைவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால், சில பேரே உள்ள சிறு துறையில் மனச்சோர்வு உள்ளவர் ஒருவர் என்ற வரி யாரைக் குறிக்கிறது என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவைப்படவில்லை. சிறு குழுக்களை ஒன்றிணைத்துத் தருமாறு கேட்ட பிறகே அது சரிசெய்யப்பட்டது.

ஒரு மக்கள்தொகையின் நலம் முழுவதுமாக மாறிய இடங்களில் என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் இச்சேவைகளின் எல்லை இன்னும் தெளிவாகிறது. பின்லாந்தின் வடக்குக் கரேலியா மாகாணத்தில் 1972இல் பெக்கா புஸ்காவின் தலைமையில் தொடங்கிய திட்டம், ஆபத்தில் இருந்தவர்களை மட்டும் தேடாமல் மொத்தச் சமூகத்தின் புகைப்பழக்கத்தையும் கொழுப்பையும் உப்பையும் குறிவைத்தது. பள்ளி, கடை, பால் பண்ணை, செய்தித்தாள், மகளிர் சங்கம் என எல்லாமே அதில் ஈடுபட்டன. வேலை செய்யும் வயதிலுள்ள ஆண்களிடம் இதய நோய் இறப்பு நான்கு பத்தாண்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது. பிரிட்டனில் உணவுத் தயாரிப்பாளர்கள் உப்பைப் படிப்படியாகக் குறைத்ததோடு, வயதுவந்தோர் நாளொன்றுக்கு உட்கொள்ளும் உப்பு 2001இல் 9.5 கிராமாக இருந்தது 2011இல் 8.1 கிராமாக இறங்கியது. அதற்காக எவரும் செயலியைத் திறக்கவும் இல்லை, பயிற்றுநரின் அழைப்பை எடுக்கவும் இல்லை. ஒரு நிறுவனத்தால் நாட்டின் உப்பைக் குறைக்க முடியாது என்பது சரிதான். தன் உணவகத்தின் உப்பைக் குறைக்க முடியும். வளாகத்தில் புகையை நிறுத்த முடியும். சுழற்சிப் பணியை ஒழுங்காக்கவும், மருத்துவரைப் பார்க்க ஊதியத்தோடு அரைநாள் விடவும் முடியும். இவற்றுள் எதுவும் சேவையாளரின் பட்டியலில் இல்லை. விற்க முடியாத பொருளை அவர் ஏன் பட்டியலில் சேர்க்கப் போகிறார்?

குழுவில் நாங்கள் பரிந்துரைத்தது இதுதான். ஒப்பந்தத்தை முழுமையாக நீக்காமல் சுருக்க வேண்டும். போட்டிகளுக்கும் செயலிக்கும் போகும் கட்டணத்தை நிறுத்தி, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்களுக்கும் அவற்றின் விளிம்பில் இருப்பவர்களுக்கும் நேரடிப் பயிற்சியாக அதை மாற்ற வேண்டும். பயிற்றுநர் பணியாளரின் ஒப்புதலோடு அவருடைய மருத்துவரிடம் பேசக் கூடியவராக இருக்க வேண்டும். சேமிப்பைப் பற்றி அறிக்கை தருவதானால், பயிற்சியை எல்லாக் கிளைகளிலும் ஒரே நாளில் தொடங்காமல் குலுக்கலில் வந்த வரிசைப்படி தொடங்கி, இன்னும் தொடங்காத கிளைகளோடு ஒப்பிட்டுத் தர வேண்டும். சேவை நடத்துபவர் முதல் மூன்றையும் ஏற்றுக்கொண்டார். நான்காவதைப் பற்றித் தலைமையகத்தைக் கேட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறார். எழுதும் இன்றுவரை பதில் வரவில்லை.